மலேரியாக் காலமும் நம் பிள்ளைகளின் இரத்தமும்



நேற்று வரை ஓடித் திரிந்த மகன் திடீரென வெளிறிப் போகிறான். கண் மஞ்சளாகிறது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது. கண்ணூறு என்போம், செங்கண்மாரி என்போம். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இதற்கான காரணங்களில் ஒன்று மலேரியாவின் வரலாற்றோடு சேர்ந்தது. அதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1934-35இல் இலங்கையில் பரவிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பிறகு டி.டி.ரி. தெளித்து, 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். கவனம் தளர்ந்தது. 1960களின் இறுதியில் லட்சக்கணக்கானோருக்கு அது திரும்பவும் வந்தது. தம்புள்ளை, கலேவெல, நாவுலப் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்த நடுக்கக் காய்ச்சல் இன்னும் நினைவிருக்கும்.

ஈரலில் ஒளிந்திருக்கும் மலேரியாக் கிருமியைக் கொல்வது பிரைமாகுயின் என்ற குளிசை. அமெரிக்காவின் இலினோய் மாநிலச் சிறையொன்றில் கைதிகளுக்கு அதைக் கொடுத்துப் பரிசோதித்தபோது, சிலருக்கு மட்டும் செங்குருதிக் கலங்கள் உடைந்தன. 1956இல் காரணம் தெரிந்தது. கலங்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதியம் அவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு.

இந்தக் குறைபாடு உம்மா வழியாக மகனுக்கு வருவது. அதனால் பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும். இதற்காக எந்த உம்மாவையும் குறை சொல்ல வேண்டாம். கடும் மலேரியாவிலிருந்து இதே குறைபாடு ஓரளவு காப்பாற்றியதால்தான், மலேரியா இருந்த நாடுகளில் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உள்நாட்டிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. நோய் போய்விட்டது, பரம்பரைக் குறைபாடு போகவில்லை. சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. சில மருந்துகள், கடும் காய்ச்சல், அலுமாரியில் போடும் நப்தலின் உருண்டை, வளைகுடாவில் நம்மவர்கள் சாப்பிடும் ஃபூல் அவரை ஆகியவை திடீரென அதைக் கிளப்பிவிடும்.

ஆகவே, சிறுநீர் கறுத்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன குளிசை, என்ன சாப்பாடு என்பதைச் சொல்லுங்கள். உம்மா வழியில் மாமாமாருக்கு இப்படி நடந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிறகு எதைத் தவிர்ப்பது என்று தெரிந்து வாழலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. வீட்டிலுள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.