காத்திருக்கும் அறை

பிசினஸ் கிளாஸ் லவுஞ்சுக்குள் முதன்முறை நுழைந்தபோது, எனக்குப் பின்னால் வந்த ஆணிடம்தான் டிக்கெட்டைக் கேட்டார்கள். அவர் யாரோ.

இந்த வழக்கம் பழையது. 1939இல் நியூயார்க் லாகார்டியாவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப்பில், அழைக்கப்பட்டவர்களுக்கே இடம். யுனைடெட் நிறுவனமோ 1953 முதல் 1970 வரை நியூயார்க்–சிகாகோ இடையே ஆண்களுக்கு மட்டும் என்றே விமானம் ஓட்டியது. சுருட்டு பிடிக்கலாம், ஸ்டீக் உண்டு. பெண்ணுக்கு டிக்கெட் கிடையாது. பரிமாற மட்டும் இரண்டு பெண்கள்! 1966இல் உருவான தேசியப் பெண்கள் அமைப்பு இதை எதிர்த்துப் போராடியது.

வாழப்பாடியில் சேலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா தண்ணீரே குடிக்கமாட்டார். கழிப்பறைக்கு எங்கே போவது?

லவுஞ்சில் நான் முதலில் தேடியதும் கழிப்பறையைத்தான். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வழிவிட்டார். அவர் உட்கார அங்கே ஒரு முக்காலிகூட இல்லை.