வண்டு கடிக்காத வண்டுகடி

படர்தாமரையைப் பெரியவங்க வண்டுகடின்னு சொல்வாங்க. அதுக்கு அரைச்சுப் பூசுற சீமை அகத்திக்கே வண்டுகொல்லின்னுதான் பேரு. ஆனா இதுல வண்டும் கிடையாது, கடியும் கிடையாது. தோலின் மேல் அடுக்கைத் தின்னு வாழுற பூஞ்சை அது.

வெள்ளைக்காரன் காலத்துல பழி வேற ஆள் மேல விழுந்தது. தொடை இடுக்குல வந்த படைக்கு அவங்க வச்ச பேரு 'தோபி இட்ச்'. துணி வெளுக்கிறவங்க மூலமா ஒட்டுதுன்னு நினைச்சாங்க. ஒருத்தர் துணியிலிருந்து இன்னொருத்தருக்குத் தொத்தும், உண்மைதான். ஆனா இந்த வெயில்ல இறுக்கமா உடுத்தி வேர்வையில ஊறினது அவங்களேதானே!

1903ல் கொழும்புக்கு வேலைக்கு வந்த இத்தாலி டாக்டர் அல்டோ காஸ்டெல்லானி, 1910ல் இந்தப் பூஞ்சைகள்ல ஒண்ணை விவரிச்சு எழுதினார். இன்னைக்கு அதுக்கு டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம்னு பேரு. 1939ல் ஒரு பூஞ்சணத்திலிருந்தே கிரிசியோஃபுல்வின் மருந்தைப் பிரிச்செடுத்தாங்க. 1950களின் கடைசியில அது மாத்திரையா வந்த பிறகு, படை தீரக்கூடிய நோயாச்சு.

அப்படித் தீர்ந்த நோய் இப்ப ஏன் திரும்பத் திரும்ப வருது?

வேர்வையும் ஈரமும் நம்மகிட்ட எப்பவும் உண்டு. பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர், நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுற லாரி டிரைவர், ராஜா வாய்க்கால் பாசன வயல்ல சேத்துல நிக்கிறவங்க, எல்லாருக்கும் வரும். சேற்றுப்புண்ணிலும் பல சமயம் இதே குடும்பத்துப் பூஞ்சைதான். சர்க்கரை நோய் இருந்தா, ஒரே துண்டை வீடே துடைச்சா, இன்னும் சுலபம். முகத்துல வட்டமா முடி கொட்டின கன்னுக்குட்டிகிட்ட இருந்தும் ஒட்டும்.

புதுசா சேர்ந்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருந்துக்கடையில கேட்டு வாங்கிப் பூசினா ரெண்டே நாள்ல அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். அடங்கினது நம்ம உடம்போட எதிர்ப்புதான், பூஞ்சை இல்லை. அது உள்ளுக்குள்ள பரவும், தோல் மெலியும், கோடு கோடா வெடிக்கும். 2018ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு ஆக்குச்சு.

2020ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் புதுப் பூஞ்சை ஒண்ணுக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேர் வச்சாங்க. இந்தியா, நேபாளத்து ஆட்கள்கிட்ட எடுத்தது. டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல சமயம் அது மசியறதில்லை. இப்ப ஐரோப்பா, அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு. அரைகுறை வைத்தியமும் ஸ்டீராய்டு களிம்பும் இதுக்குத் துணை போயிருக்கும்னு தோல் டாக்டர்கள் சொல்றாங்க.

அதனால படை வந்தா தோல் டாக்டரைப் பாருங்க. அரிப்பு நின்னதும் மருந்தை நிறுத்தாதீங்க, அவர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. வீட்டுல வேற யாருக்காவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. துண்டும் உள்ளாடையும் ஆளுக்குத் தனியா இருக்கட்டும், வெயில்ல நல்லா காயட்டும்.