தேர்வறைக்கு முன்பே தொடங்கும் நியாயம்: மாற்றுத்திறனாளி மாணவர் மதிப்பீடும் ஏற்புடைமையும்

கல்வி மதிப்பீட்டுக் கருத்தரங்குகளின் நிகழ்ச்சி நிரலில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தேர்வு பெரும்பாலும் ஒரு தனி அமர்வாகவே இடம்பெறுகிறது. சிறப்பாசிரியர்கள் அங்கே கூடுகிறார்கள். வினா அமைப்போரும் புள்ளியியலாரும் அடுத்த அரங்கில் வினா வங்கியைப் பற்றியும் மதிப்பெண் சமன்செய்தலைப் பற்றியும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிரிவினை தேர்வு நடைமுறையிலும் அப்படியே படிந்துவிட்டது. வினாத்தாள் அச்சாகி, உறையிடப்பட்டு, மையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் யாருக்குக் கூடுதல் நேரம், யாருக்குச் சொல்வதை எழுதுபவர் என்ற பேச்சே எழுகிறது. இதைச் சலுகை வழங்கும் நிர்வாகப் பணியாகக் கருதும்வரை நம் தேர்வுகள் இம்மாணவர்களைச் சரியாக அளக்கப் போவதில்லை. இது அளவீட்டின் ஏற்புடைமை பற்றிய சிக்கல். வினா எழுதப்படும் மேசையிலேயே தீர்க்கப்பட வேண்டியது.

ஒரு தேர்வு எதை அளக்க முனைகிறதோ அதற்குத் தொடர்பில்லாத காரணத்தால் மதிப்பெண் ஏறினாலும் இறங்கினாலும் ஏற்புடைமை குலைகிறது என்பது அளவீட்டியலின் அரிச்சுவடி. இயற்பியல் தேர்வில் ஒரு மாணவியின் கையெழுத்து வேகம் அவளுடைய மதிப்பெண்ணை இறக்கினால், அந்த எண் இயற்பியல் அறிவைக் காட்டவில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கமும் வேறு இரு அமைப்புகளும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், ஏற்புடைமை, நம்பகம் ஆகியவற்றுக்கு இணையாக நியாயத்தையும் அடிப்படைகளின் வரிசையில் வைத்தன. கோட்பாட்டளவில் வழக்கு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். நடைமுறைதான் பின்தங்கி நிற்கிறது.

இந்தியாவில் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு எனத் தேர்வு முறையில் செய்ய வேண்டிய மாற்றங்களைக் குறிப்பிடுகிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுநேரம் என வரையறுத்தன. அந்த நெறிமுறைகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையவர்களை மையமாகக் கொண்டிருந்தன. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு, அந்த வரம்பைக் காட்டி, குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த வரம்பு இட ஒதுக்கீட்டுக்குப் பொருந்தலாம், தேர்வெழுத உதவி பெறுவதற்கு முன்நிபந்தனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. சான்றிதழில் உள்ள விழுக்காட்டுக்கும் தேர்வறையில் எழும் தடைக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் அளவீட்டியலார்.

சரி, உதவி கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். அப்போதும் அளவீடு சரியாகிவிடுகிறதா? ஒரு பார்வையற்ற மாணவர் இயற்கணித விடையைச் சொல்கிறார்: ‘எக்ஸ் கூட்டல் ஒய்யின் வர்க்கம்’. எழுதுபவர் ஒய்க்கு மட்டும் வர்க்கம் போடலாம். எக்ஸையும் ஒய்யையும் அடைப்புக்குள் வைத்து முழுவதற்கும் போடலாம். இரண்டும் வெவ்வேறு விடைகள். மாணவர் அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க முடியாது. வாசிக்கச் சொல்லிக் கேட்டால் அதே இருபொருள் வாக்கியம்தான் திரும்பி வரும். இதற்கிடையே ஐந்து வரிக் கணக்கின் இடைநிலைகள் அனைத்தையும் அவர் நினைவில் தாங்கியாக வேண்டும். தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுபவர் கல்வித் தகுதியில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது 2018 நெறிமுறை. முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் தொகையிடல் குறியையே பார்த்திராத ஒருவர் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை எழுதும்போது, அந்த விடைத்தாளில் இருவரின் அறிவும் கலந்துவிடுகிறது. திரைவாசிப்பான் உள்ள கணினியும், கணிதத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதற்கு முன்கூட்டியே வகுத்த மரபும் இருந்தால் இந்தக் கலப்படம் பெருமளவு குறையும். அந்த மரபை வகுப்பது பாடவல்லுநரின் வேலை. தேர்வு நாளன்று அறைக் கண்காணிப்பாளர் செய்யக்கூடியதன்று.

மாற்று வினாக்களில் சிக்கல் வேறு வகையானது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் வினாத்தாள்களில் படமோ வரைபடமோ உள்ள வினாவுக்கு ஈடாகப் பார்வைக் குறைபாடுடையோருக்கு மட்டும் எனத் தனி வினா இருக்கும். 1920 செப்டம்பரில் காங்கிரசின் மாநாடு நடந்த இடத்தை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்பது பத்தாம் வகுப்பில் வழக்கமாக வரும் வினா. அதற்கு ஈடான வினா, இடத்தின் பெயரை மட்டும் கேட்கும். கல்கத்தா என்று நினைவுகூர்ந்தால் போதும். அது எந்தத் திசையில், எந்தக் கடலை ஒட்டி இருக்கிறது என்ற இட அறிவு அளக்கப்படாமலே போகிறது. எளிதாகிவிட்டதே என்று மகிழ இதில் ஒன்றுமில்லை. பார்வையற்ற மாணவருக்குப் புவியியல் உணர்வு தேவையில்லை என்று வினாத்தாளே அறிவித்துவிடுகிறது. தேர்வில் வராததை வகுப்பறையில் யாரும் கற்பிப்பதில்லை. விரலால் தொட்டுணரும் புடைப்பு வரைபடம் ஒன்றைத் தாளோடு இணைத்தால் அதே திறனை அவரிடமும் அளக்கலாம்.

மொழிப்பாட விலக்கைப் பற்றியும் இதையே சொல்வேன். செவித்திறன் குறையுடைய பிள்ளைக்கு மொழித்தாளிலிருந்து விலக்கு அளிப்பது மேலோட்டமாகக் கருணை. பின்னாளில் கல்லூரியிலும் வேலையிலும் எழுத்துமொழி வாசலை மறிக்கும்போது அந்தக் கருணை துணைக்கு வராது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இந்தியச் சைகை மொழியை 2021-ல் மொழிப்பாடமாகவே கொண்டுவந்தது, விலக்கைவிட மேலான வழி ஒன்று உண்டு என்பதற்குச் சான்று.

நேரத்தைப் பொறுத்தவரை நம் அமைப்பு ஒரே எண்ணை எல்லோருக்கும் போர்த்துகிறது. பிரெயிலில் படிப்பவர், தசை இறுக்கம் உள்ளவர், எழுத்துக்குறைபாடு உள்ளவர் ஆகிய மூவருக்கும் தடை ஒன்றாகாது. 2021 நீட் தேர்வில் 180 வினாக்களுக்கு 180 நிமிடம்தான். எழுத்துக்குறைபாடுள்ள ஒரு மாணவியிடம், உரிமையான கூடுதல் ஒரு மணி நேரம் தராமலே தாள் பறிக்கப்பட்டது. அது தவறு என்று உச்ச நீதிமன்றம் கண்டது. ஆயினும் மறுதேர்வுக்கு உத்தரவிட இயலவில்லை, பரிகாரம் என்ன என்று பரிசீலிக்கும்படி தேர்வு முகமைக்கு அறிவுறுத்தியது. கூடுதல் நேரம் மற்ற மாணவர்களுக்கும் பயன் தருகிறது, குறைபாடுள்ளோருக்கு அதிகப் பயன் தருகிறது என்று ஆய்வு மதிப்புரைகள் காட்டுகின்றன. இதைச் சலுகைக்கு எதிரான வாதமாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது எல்லோருக்குமான நேர வரம்பின் மீதான குற்றச்சாட்டாகவே படுகிறது. வேகம் பாடத்தின் பகுதி அல்ல என்றால், யாரையும் ஏன் வேகத்தில் அளக்க வேண்டும்?

அமெரிக்க அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. மாநிலத் தேர்வுகளிலிருந்து குறைபாடுள்ள மாணவர்களை விலக்கிவைக்கும் பழக்கத்தை 1997-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உடைத்தது. அவர்களும் தேர்வெழுத வேண்டும், முடிவுகளும் வெளியாக வேண்டும் என்றது. 2002-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள கல்விப் பயன்களுக்கான தேசிய மையம் அனைவருக்குமான வடிவமைப்பைத் தேர்வுகளுக்குப் பொருத்தி ஓர் அறிக்கை தந்தது. யாரெல்லாம் எழுதப் போகிறார்கள் என்று முன்பே எண்ணுவதும், அளக்கும் திறனைத் துல்லியமாக வரையறுப்பதும் அதன் முதல் இரண்டு கூறுகள். தனிநபர் உதவியின் தேவை இதனால் மறைந்துவிடாது, குறைந்தால் போதும்.

நம் வாரியங்கள் இதை ப்ளூபிரிண்டிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு வினாவுக்கும் அது அளக்கும் திறன் என்ன, பார்த்தல், கேட்டல், எழுதுதல் ஆகியவற்றில் எது அத்திறனின் பகுதி, எது வெறும் ஊடகம் என ஒரு நிரல் சேர்த்தால், மாற்று வினாவைக் கடைசி நாளில் தேடும் நிலை வராது. இம்மாணவர்களின் எண்ணிக்கை ஓராண்டில் குறைவு, புள்ளியியல் பகுப்பாய்வுக்குப் போதாது என்ற மறுப்பு எழும். மெய்தான்; பத்தாண்டு விடைத்தரவுகளைப் பெயர் நீக்கி ஒன்றுசேர்த்தால் போதும். எந்தெந்த வகை வினாக்களில் இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விடையளிக்காமல் விட்டுச் செல்கிறார்கள் என்ற அட்டவணையை வாரியங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வினா அமைக்க அழைக்கப்படும் ஆசிரியரின் கையில் முதலில் தரப்படும் தாள் அதுவாக இருக்க வேண்டும்.