ஒரு பிடி அரிசியும் ஒரு பள்ளிக்கூடமும்

அரசு வந்து பள்ளிக்கூடம் கட்டித் தரட்டும் என்று காத்திராமல், தம் பிள்ளைகளுக்கான கல்வியைத் தாமே தேடிக்கொண்ட ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அவற்றுள் விருதுநகருக்குத் தனி இடம் உண்டு. விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய இந்த வணிக ஊரில், 1889-ஆம் ஆண்டு நாடார் சமூகத்தார் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியைத் தொடங்கினர். அதைத் தாங்கி நின்ற பொருள் எது என்று கேட்டால், கிடைக்கும் விடை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வணிகர் தந்த மகமையும், வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த ஒரு பிடி அரிசியுமே அது.

மூடிய கதவும் திறந்த கதவும்

தென்கோடிப் பனங்காடுகளிலிருந்து மாட்டுவண்டிகளில் வணிகம் செய்து வடக்கே வந்தவர்கள், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டனர். சரக்குக்கும் வண்டிக்கும் காவலாகப் பேட்டைகள் எழுந்தன. வாங்கி விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கென ஒதுக்குவது மகமை. அந்நிதியை உறவின்முறை என்னும் ஊர்க்கூட்டம் நிருவகித்தது.

பொருள் சேர்ந்தது; மதிப்புச் சேரவில்லை. 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தபோது எழுந்த வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில், 1899-இல், சிவகாசி நகரமே தாக்கப்பட்டது. கோவில் கதவைத் திறக்கும் உரிமை பிறர் கையில் இருந்தது. பள்ளிக் கதவையோ அவர்கள் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே தம் கையால் திறந்துவிட்டிருந்தனர். உறவின்முறையார் நிறுவிய கல்விக்கூடங்களில் பிற சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது. தமக்கு ஒரு கதவு மூடப்பட்டதை அறிந்தவர்கள், தாம் கட்டிய கதவைப் பிறருக்கு மூடவில்லை.

பிடி அரிசியின் பொருள்

உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை மீண்டும் எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். அவ்வளவுதான். நாள்தோறும் சேரும் அந்த அரிசி பள்ளிக்குப் போய்ச் சேரும்.

மகமை செல்வரின் கொடை. அது வணிகத்தோடு ஏறும், இறங்கும். பிடி அரிசியோ அடுப்பெரியும் எந்த வீட்டிலிருந்தும் வரக்கூடியது. தராசு பிடிக்கும் முதலாளியின் வீடும், மூட்டை தூக்கும் தொழிலாளியின் வீடும் ஒரே அளவைக் கொடுத்தன. கொடுத்தவர் அனைவருக்கும் பள்ளியில் உரிமை பிறந்தது. ஆகவே அங்கே படித்த ஏழைப் பிள்ளை, பிறர் தருமத்தில் படித்த பிள்ளை ஆகவில்லை. அடுக்களையில் நின்று அரிசியைப் பிரித்து வைத்த பெண்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வழக்கம் ஓரூருக்கு மட்டும் உரியதன்று. வடகிழக்கே மிசோரம் மலைகளில், திருச்சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும் நேரத்தில் ஒரு பிடி அரிசியை இறைப்பணிக்கு ஒதுக்கி வருகின்றனர். பெரிய பணிகள் பெரிய பணத்தால் மட்டுமே நடக்கும் என்று எண்ணுவோருக்கு இவ்விரு ஊராரும் விடையளிக்கின்றனர்.

வித்தியாசாலையின் மாணவர்

1903-இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர் இப்பள்ளியில் பயின்றவர். கல்வி இலவசமாகக் கிடைத்தும் அவரால் தொடர்ந்து படிக்க இயலவில்லை. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், ஆறாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தி, தாய்மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார். கட்டணம் இல்லாத பள்ளியும் வறுமைக்கு முன் தோற்றுவிடக்கூடும் என்பதை அவர் எந்த நூலிலும் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

1954-இல் முதலமைச்சரான அவர், 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் ஊர்மக்களின் கொடையே அத்திட்டத்துக்குத் துணையாய் நின்றது. பின்னர் அரசு பெரும்பங்கை ஏற்றது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் தத்தம் பள்ளிக்கு மேசை, நாற்காலி, கட்டடம் என்று வாரி வழங்கினர். விருதுபட்டியின் பிடி அரிசி, இவ்வாறு ஒரு மாநிலத்தின் அளவுக்கு விரிந்தது.

சுட்டெரிக்கும் கேள்வி

வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். வானம் பார்த்த கரிசல் மண்ணுக்கு அத்தொழிலும், பின்னர் பட்டாசும் அச்சும் சோறு போட்டன. ஆயினும் பல்லாண்டுகள், விடியுமுன் எழுந்து தொழிற்சாலை வண்டிக்குக் காத்து நின்றவர்களுள் சிறுவரும் சிறுமியரும் இருந்தனர். பிடி அரிசியால் பள்ளி எழுப்பிய அதே வட்டாரத்தில், பிஞ்சு விரல்கள் சட்டங்களில் தீக்குச்சி அடுக்கின.

இதற்கு எந்த ஒரு சமூகத்தையும் குற்றம் சாட்டி ஒதுங்கிவிட முடியாது. தொழிலதிபர், தரகர், வறுமையுற்ற பெற்றோர், மலிவாக வாங்கி மகிழ்ந்த நாம் என்று பொறுப்பாளிகள் பலர். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: "நம் பிள்ளைகள்" என்று 1889-இல் சொன்னபோது இருந்த அந்த வட்டத்துக்குள், கிராமத்துக் கூலிக்காரரின் பிள்ளை ஏன் வந்து சேரவில்லை?

அவ்வட்டத்தை விரிக்கச் சட்டம் தேவைப்பட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசியைப் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2016-இன் திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துவதைத் தடை செய்தது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது.

இனி அரிசிக் கலயத்துக்கு வேலையில்லை என்று சொல்லலாமா? சட்டம் ஒரு சிறுவனைத் தொழிற்சாலை வாயிலில் தடுத்து நிறுத்தும். மாலையில் அவன் அருகில் அமர்ந்து கணக்குச் சொல்லித் தராது. பட்டாசு விபத்தில் தாயை இழந்த மாணவி படிப்பைக் கைவிடாமல் காக்க, ஊரில் யாரேனும் அவள் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரின் ஒரு மணி நேரமும், கல்லூரி மாணவரின் ஒரு மாலைப் பொழுதும் இன்றைய பிடி அரிசியாகலாம்.

அன்றைய பெண்கள் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை. உலை கொதிக்கும் முன்பே, தம் வீட்டுப் பங்கிலிருந்து எடுத்து வைத்தார்கள். நம் பொழுதிலிருந்தும் பொருளிலிருந்தும் அவ்வாறு முதலில் எடுத்து வைக்கிறோமா? அதையும் யார் வீட்டுப் பிள்ளைக்காக எடுத்து வைக்கிறோம்?