நிலவறையிலிருந்து பீடத்துக்கு

தென் இத்தாலியில், சலேர்னோ பக்கம், போல்லா என்றொரு சிற்றூர். அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1881-இல் கார்மேல் மாதா பெயரில் சங்கம் வைத்தார்கள். நோய்நொடியில் கைகொடுக்க, இறந்தால் நல்லடக்கம் செய்ய. ஜூலை 16 வந்தால் திருவிழா. முதலில் ஒரு வீட்டு முற்றமும் மாதா படமும்தான். சுரூபம் பிறகுதான் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது. கையில் குழந்தை இயேசு. தாய்க்கும் பிள்ளைக்கும் அசல் தலைமுடி.

115-ஆம் தெருவில் 1884-இல் கோயில் எழும்பியது. பகலெல்லாம் கூலிவேலை பார்த்த இத்தாலியர்கள்தான் பொழுது சாய்ந்ததும் வந்து கடைக்கால் தோண்டினார்கள். ஐஸ் விற்பவர்களும் பழைய சாமான் வியாபாரிகளும் வண்டி கொடுத்தார்கள். முடிந்ததும் மேல்கோயில் ஐரிஷ், ஜெர்மானியக் கத்தோலிக்கர்களுக்குப் போனது. கட்டியவர்களும் அவர்களுடைய மாதாவும் நிலவறையில். இத்தனை காலம் கழித்துப் படித்தாலும் மனம் ஆறவில்லை.

தெருவில் மட்டும் யாராலும் அவளைக் கீழே வைக்க முடியவில்லை. பவனியன்று பெண்கள் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்தார்கள். மெழுகில் வார்த்த கை, கால், இதயம் எல்லாம் கடைகளில் கிடைத்தன. எந்த உறுப்புக்காக வேண்டிக்கொண்டார்களோ அதை வாங்கிக் காணிக்கை வைத்தார்கள். தங்கள் எடைக்கு எடை மெழுகுதிரி சுமந்தவர்களும் உண்டு. அயர்லாந்துக் குருக்கள் சிலருக்கு இதெல்லாம் மூடநம்பிக்கையாகப் பட்டது. வேலையிடத்தில் பேர்கூடச் சொல்லி அழைக்கப்படாதவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் தாயோடு நடுத்தெருவில் நடந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பாப்பரசர் 13-ஆம் லியோ மாதாவுக்கு முடிசூட்ட அனுமதி தந்தார். மக்கள் மோதிரம், தோடு என்று கழற்றிக் கொடுத்த பொன்னை உருக்கி மகுடம் செய்தார்கள். 1904 ஜூலையில் நியூயார்க் பேராயர் ஜான் ஃபார்லி அதைச் சூட்டினார். ரோமாபுரியே மதித்து முடிசூட்டிய பிறகும் அவள் இருப்பிடம் நிலவறைதான்! முதல் உலகப் போர் முடிந்த பிறகே மேல்கோயிலின் பீடம் ஏறினாள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. திருவிழாவுக்கு மட்டும் வந்துபோயின. பிறகு வரத் தொடங்கியவர்கள் ஹைட்டியர்கள். தங்கள் நாட்டில் சோ-தோ அருவிக்கு இதே ஜூலை 16-இல், இதே மாதாவைத் தேடி யாத்திரை போய்ப் பழகியவர்கள். 115-ஆம் தெருவில் அவளை யாரும் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருக்கவில்லை.