அமரும் உரிமை: கன்டோனியத் தேநீரகமும் லா சப்பல் தேத்தண்ணிக் கடையும்

முன்னுரை

தமிழரின் தேநீர் வரலாறு பெரும்பாலும் இரு தனித் துறைகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று தோட்டத் தொழிலாளர் வரலாறு; அது உற்பத்தியைப் பேசுகிறது. மற்றொன்று நகரத்துத் தேநீர்க் கடையின் வரலாறு; அது நுகர்வைப் பேசுகிறது. இரண்டையும் ஒருங்கே காணத்தக்க இடங்கள் சிலவே. பாரிஸ் மாநகரின் லா சப்பல் கடைத்தெரு அவற்றுள் ஒன்று. அங்குள்ள ஈழத்தமிழர் கடையைத் தென்சீனத்துக் கன்டோனியரின் தேநீரகத்தோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் பணி. தேநீரகத்தின் வரலாறு என்பது இலையின் தரத்தைப் பற்றியது என்பதைவிட, யார், எங்கே, எவ்வளவு நேரம் அமரலாம் என்பதைப் பற்றியது என இங்கு வாதிடப்படுகிறது.

சொல்லும் இலையும்

உலகமொழிகளில் தேயிலைக்கான சொற்கள் பெரும்பாலும் இரு குடும்பங்களில் அடங்கும். கன்டோனியம் உள்ளிட்ட பெரும்பாலான சீனப் பேச்சுகளில் வழங்கும் ‘சா’ ஒன்று. தென் ஃபூஜியன் கரையோரத்தின் மின்னான் பேச்சில் வழங்கும் ‘தே’ மற்றொன்று. மக்காவ் வழியே வணிகம் செய்த போர்த்துக்கீசர் முதலாவதைக் கொண்டனர். ஃபூஜியன் வணிகரோடு தொடர்புகொண்ட ஒல்லாந்தர் வழியே இரண்டாவது மேற்கு ஐரோப்பாவில் பரவியது. பிரெஞ்சு மொழியின் ‘தே’, தமிழின் ‘தேயிலை’, யாழ்ப்பாணத்தாரின் ‘தேத்தண்ணி’ ஆகியவை இரண்டாம் குடும்பத்தைச் சார்ந்தவை. மலையாளத்திலும் தமிழகத்தின் சில வட்டாரங்களிலும் வழங்கும் ‘சாயா’ முதற்குடும்பத்தது. ஃபூஜியன் கரை தமிழருக்குப் புதியதன்று. அங்குள்ள சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளமை ஆய்வுலகம் அறிந்ததே.

வெள்ளைத் தேயிலையும் இதே மாகாணத்தின் விளைபொருள். அதன் வடபகுதியிலுள்ள ஃபூடிங், செங்ஹே ஆகியன அதன் தாயகங்கள். பறித்த கொழுந்தை வாட்டி உலர்த்துவதே இதன் பக்குவம். சுருட்டுவதோ பச்சைத் தேயிலைபோல் சூடேற்றி நிறுத்துவதோ இல்லை. வெண்மயிர் போர்த்த மொட்டுகள் மட்டும் கொண்டது ‘வெள்ளி ஊசி’ எனப்படும் உயர்தரம். முதிர்ந்த இலைகளைக் கொண்ட ‘சாவ் மேய்’ விலை குறைந்தது. கன்டோனியர் தம் தேநீரகங்களில் நாள்தோறும் கேட்டு வாங்கியது பெரும்பாலும் பின்னதையே. அயல் மாகாணத்தின் எளிய இலை ஒன்றைக்கொண்டு அவர்கள் தமக்கே உரிய பண்பாடொன்றை அமைத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

கன்டோனியத் தேநீரகத்தின் அமைப்பு

கன்டோனியர் இதனை ‘யாம் சா’ என்பர். ‘தேநீர் அருந்துதல்’ என்பது சொற்பொருள். நடைமுறையில் அது காலைவேளையில் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு சிற்றுண்டியும் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருப்பதைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குவாங்சோ நகரில் உழைப்பாளிகளுக்கென இருந்த கடைகள், அங்குப் பெறப்பட்ட சிறு கட்டணத்தின் பெயராலேயே ‘இரண்டு லீ கடை’ என அழைக்கப்பட்டன. மரப்பலகையும் முக்காலியுமே அவற்றின் தளவாடம். பின்னர் பன்மாடத் தேநீரகங்கள் எழுந்தன. குவாங்சோவின் தாவ் தாவ் கூய் 1880இல் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. ஹாங்காங்கின் லுக் யூ தேநீரகம் 1933இல் திறக்கப்பட்டது.

இத்தேநீரகத்தின் வழக்கங்கள் அனைத்தும் நெடுநேரம் அமர்வதை முன்னிட்டவை. கெண்டியின் மூடியைத் திறந்து வைத்தால் பணியாளர் மீண்டும் வெந்நீர் ஊற்றுவார். தேநீர் ஊற்றுபவருக்கு விரல்களால் மேசையைத் தட்டி நன்றி தெரிவிப்பர். அதனால் பேச்சு தடைப்படுவதில்லை. இடமில்லாதபோது முன்பின் அறியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்வதும் இயல்பு. ஆயினும் இது சமத்துவ வெளியாக இருந்ததெனக் கொள்ள இயலாது. மாடி ஏற ஏறக் கட்டணமும் ஏறியது; பணமுள்ளோர் மேல்மாடியிலும் இல்லாதோர் தரைத்தளத்திலும் இருந்தனர். அமரும் இடத்தை அங்குப் பணம் வரையறுத்தது.

கொய்தவர் குடித்தது

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் காப்பிச் செடியைத் தாக்கிய இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளுக்குள் காப்பித் தொழிலை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பி பருவகாலப் பயிர். அறுவடைக்குப்பின் தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே அது தோட்டத்திலேயே நிலைத்து வாழும் குடும்பங்களையும், சிறப்பாகப் பெண்களின் கைகளையும் வேண்டியது. கங்காணி முறையில் வந்தவர்கள் லயன் அறைகளில் குடியமர்த்தப்பட்டனர். அவை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாகவே இருந்தன.

இலங்கையிலும் மொட்டுகளைத் தனியே கொய்து உலர்த்தி வெள்ளைத் தேயிலை செய்கின்றனர். ‘சில்வர் டிப்ஸ்’ எனும் பெயரில் அது ஏற்றுமதியாகிறது. தொழிலாளர் குடும்பங்களுக்குக் கிட்டியது தொழிற்சாலைச் சலிப்பின் இறுதியில் எஞ்சும் தூள் தரமே. அதனைச் சாயம் இறங்கக் காய்ச்சி, பாலின்றி வெறுந்தேநீராகக் குடித்தனர். தென்னிலங்கையின் ஹந்துனுகொட தோட்டம் தன் வெள்ளைத் தேயிலையை மனிதக் கை படாதது எனச் சிறப்பித்து விற்கிறது. தேயிலைத் தொழில் முழுவதும் கொய்யும் கைகளையே நம்பியிருக்கையில், கை படாமை உயர்வின் அடையாளமாக விற்கப்படுவது சிந்தனைக்குரியது.

லயன் வாழ்வில் அமர்ந்து பேசும் வெளி மிகக் குறுகியது. அதன்பின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. நாடற்ற நிலைக்கு முடிவு காணும் சட்டம் 2003இலேயே வந்தது.

கடையில் அமர்தல்

தேநீர்க் கடை யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் நாளேடு வாசிக்கும் இடமாகவும் அரசியல் பேசும் இடமாகவும் வளர்ந்தது. காப்பி தமிழகத்தில் நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணரின், பண்பாட்டு அடையாளமாக அமைந்ததையும், தேநீர் உழைப்பாளருக்கும் இசுலாமியருக்கும் உரியதாகக் கருதப்பட்டதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ எனும் நூலில் விளக்கியுள்ளார்.

எனினும் உழைப்பாளர் பானம் என்பதால் எல்லா உழைப்பாளருக்கும் இருக்கை கிடைத்துவிடவில்லை. தமிழகச் சிற்றூர்களில் இரட்டைக் குவளை முறை நிலவியது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கடைக்கு வெளியே நின்றோ நிலத்தில் இருந்தோ, தமக்கென ஒதுக்கிய பாத்திரத்திலோ சிரட்டையிலோ குடிக்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியபோதும் வழக்கம் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலம் காவற்றுறையின் தாக்குதலுக்கு உள்ளானது. அதனைத் தொடர்ந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்களில் ஆலயப் பிரவேசத்தோடு தேநீர்க் கடைப் பிரவேசமும் முதன்மை பெற்றது. கோயிலுக்கு இணையாகத் தேநீர்க் கடை வைத்து எண்ணப்பட்டது ஏன் என்பது தெளிவு. கோயில் இறைவன் முன் நிற்கும் உரிமையைப் பற்றியது. கடை மனிதர் முன் அமரும் உரிமையைப் பற்றியது.

சார்செல்லிலிருந்து லா சப்பல்

பிரான்ஸுக்கு வந்த தமிழருள் புதுச்சேரியார் முந்தியவர். ஈழத்தமிழரின் வருகை 1983க்குப் பின்னர் பெருகியது. கார் டு நோர் தொடருந்து நிலையத்துக்கு அருகே, ஃபோபூர் சென்-தெனி தெருவின் வடமுனையிலும் காய், பெர்தொனே தெருக்களிலும் அவர்களின் கடைகள் அமைந்தன. 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் இத்தெருக்களில் வலம் வருகிறது. ஆனால் லா சப்பல் தமிழரின் குடியிருப்பன்று. அவர்கள் கூடிக் கலையும் இடம். இதனைப் புவியியலாளர் அந்தோனி கொரோ-பொன்சோவின் ஆய்வுகள் காட்டியுள்ளன. வாழ்விடங்கள் பெரும்பாலும் நகரின் வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள புறநகர்களில் உள்ளன. சார்செல் அவற்றுள் ஒன்று.

சார்செல்லின் அடுக்குமாடித் தொகுதி 1955 முதல் கட்டப்பட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அத்தொகுதியில் ஒன்றுகூடும் இடங்கள் பிற்பாடே வந்தன. அங்கு வாழ்வோரின் சலிப்பைக் குறிக்கச் ‘சார்செல்லித்’ எனும் சொல்லையே பிரெஞ்சு இதழ்கள் வழங்கின. இன்று அங்கு வாழும் தமிழர் வீடுகளிலும் தேயிலை உண்டு, பால்மா உண்டு, பனங்கட்டியும் உண்டு. எனினும் கார்ஜ்-சார்செல் நிலையத்தில் ஏறி, ஆர்.இ.ஆர். டி தொடருந்தில் கார் டு நோர் வந்திறங்கி, லா சப்பல் கடையில் தேத்தண்ணி குடிப்பவர் பலர். அவர்கள் நாடுவது பானத்தையன்று. முதற்றலைமுறை அகதிக்கு அக்கடை வேலை தேடும் இடம். அறை தேடும் இடம். அகதி விண்ணப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளரை அறியும் இடம். ஊர்ச் செய்தி கேட்கும் இடம். ஹாங்காங்கின் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த கன்டோனியருக்குத் தேநீரகம் வரவேற்பறையாக இருந்தமையும் இத்தகையதே.

வேறுபாடுகளும் உள. லா சப்பல் கடைகள் குறுகியவை. பலர் காகிதக் குவளையோடு வாயிலில் நின்றே பேசுவர். பாரிஸின் தேநீர், காப்பிக் கடைகளில் நின்று குடிப்பதற்கு ஒரு விலையும் அமர்ந்து குடிப்பதற்கு வேறொரு விலையும் உண்டு என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கூடுவோர் பெரும்பாலும் ஆண்கள். கொய்தவர் பெண்களாயிருக்க, கடையில் அமர்பவர் ஆண்களாயிருப்பது தமிழரின் தேநீர் வரலாறு முழுவதற்கும் பொருந்தும் உண்மை.

முடிவுரை

லா சப்பலைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என அழைப்பது வழக்கம். கடைகளின் பெயர்ப்பலகைகளையும் உணவையும் கருதினால் அப்பெயர் பொருந்தும். ஆனால் அங்குள்ள மளிகைக் கடைகளின் அடுக்குகளில் இருக்கும் இலங்கைத் தேயிலைப் பொதியில் மலையகத் தமிழரின் உழைப்பும் அடங்கியுள்ளது. மலையகத்தார் பலர் 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப்பின் வன்னியில் குடியேறி, பின்னர் வடக்கின் மக்களோடு அதே போரையும் இடப்பெயர்வையும் அனுபவித்தவர். யாழ்ப்பாணம் எனும் ஒற்றைப் பெயரில் அவர்களுக்கு இடமில்லை.

கன்டோனியத் தேநீரகத்துக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. அதன் மாடிகளின் ஏற்றத்தாழ்வும் அவ்வரலாற்றில் பதிவாகியுள்ளது. புலம்பெயர்ந்த தமிழரின் தேத்தண்ணிக் கடைக்கு அத்தகைய வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும். 1980களில் வந்த முதற்றலைமுறையினர் இன்று முதுமை எய்திவருகின்றனர். அவர்களின் வாய்மொழி பதிவு பெறாவிடில் அக்கடைகளின் முதற்காலம் அறியமுடியாமற் போகும். அவ்வாறு பதிவு செய்யுமிடத்து, கடையில் அமர்ந்தவரோடு வாயிலில் நிறுத்தப்பட்டவரையும், இலையைக் கொய்து அனுப்பியவரையும் சேர்த்தே விசாரிப்பது ஆய்வாளரின் கடன்.