பழைய நாணயத்துக்கு லட்சங்கள் கிடைக்குமா? உண்மை என்ன?

உங்க பர்ஸில் வைஷ்ணவ தேவி உருவம் பதித்த நாணயம் இருக்கிறதா? ‘லட்சக்கணக்கில் விலை போகும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடாதீங்க. 2012-ல் வெளியான அது, புழக்கத்துக்கும் விடப்பட்ட நாணயம். செல்லாத 25 பைசாவும் அப்படித்தான். 2011-ல் விலக்கப்பட்டாலும், பல வீட்டு உண்டியல்களில் இன்னும் கிடக்கிறது.

விலையைத் தீர்மானிப்பது எது?

பழமை மட்டும் அல்ல. எத்தனை வெளியானது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்த ஆலையில் அச்சடிக்கப்பட்டது என்பதையும் பார்ப்பார்கள். ஆண்டுக்குக் கீழே டைமண்ட் குறி இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் வந்த நாணயங்களில்கூட ஓர் ஆலையின் குறி மட்டும் அரிதாக இருக்கலாம். பளபளப்பாக்க புளி போட்டுத் தேய்க்காதீங்க, மதிப்பு குறைந்துவிடும்.

மோசடி எப்படி நடக்கிறது?

‘நாணயத்தை வாங்கிக்கிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்க’ என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் காட்டுவார்கள். அப்படி எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.

விற்பவர் நீங்கள், பணம் உங்களுக்குத்தான் வரணும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.